வேலை உத்தரவு முதல் கடைசி பில் வரை: பிரதமர் ஊரக வீடு கட்டும் திட்டம்

இந்தத் திட்டத்தில் வீடு கட்ட வேலை உத்தரவு வந்த கையோடு பழைய குடிசையைப் பிரித்துவிடாதீர்கள். குடிசையையும் கட்டப்போகும் மனையையும் உங்களை நிற்கவைத்து ஓவர்சியர் (வேலையை மேற்பார்க்கும் அலுவலர்) படம் எடுத்துப் பதிவேற்றியிருக்க வேண்டும். படத்தோடு இடத்தின் அமைவும் பதிவாகிவிடும். பிறகு பங்காளி தகராறில் மனை மாறினால் அடுத்த படம் ஏறாது, பில் (தவணைப் பணம்) நிற்கும். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றிய பிறகே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். வேறொரு கணக்கில் இணைந்திருந்தால் பணம் அங்கே போய்விடும்.

தமிழ்நாட்டில் பேஸ்மென்ட் (தரைமட்டம் வரையிலான அடித்தளம்), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), கூரை, முடிவு என நான்கு கட்டமாகப் பணம் வரும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி தனி. அதற்கு அந்தந்தக் கட்டத்திலேயே வருகைப் பதிவு போட வேண்டும். கட்டம் தாண்டிவிட்டால் அந்தக் கூலி கைவிட்டுப் போகும். கழிப்பறைக்கு 12,000 ரூபாய்.

வீட்டின் அளவு 269 சதுர அடி. ‘கொஞ்சம் சேர்த்துப் போடுவோம்’ என்று 500 அடிக்கு அஸ்திவாரம் எடுத்தவர்கள்தான் லிண்டலில் நின்றுபோகிறார்கள். கூரையில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 4 அங்குல கனத்துக்குச் சுமார் 90 கன அடி கான்கிரீட் வேண்டும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் ஏறக்குறைய 20 மூட்டை சிமெண்ட். ஒரே நாளில் போட்டு முடித்து, மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பலகைக்கும் முட்டுக்கும் வாடகை ஏறுகிறது என்று சென்ட்ரிங்காரர் (கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிப்பவர்) அவசரப்படுத்துவார். 14 நாளுக்கு முன் முட்டுக் கொடுத்ததைப் பிரிக்க விடாதீர்கள். அவசரத்தில் பிரித்த கூரைதான் நடுவில் தொய்ந்து, முதல் மழையிலேயே ஒழுகுகிறது.

கொள்கையில் மாற வேண்டியது இரண்டு. முதலாவது, தொகை. 2016இல் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு வைத்த 1.20 லட்சம் ரூபாய் 2024இல் திட்டத்தை நீட்டித்தபோதும் உயரவில்லை. அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், அதாவது 72,000. கான்கிரீட் கூரைக்கென மாநிலம் இன்னொரு 1.20 லட்சம் சேர்ப்பதால்தான் இங்கே வீடு நிமிர்கிறது. இரண்டாவது, முதல் தவணை. ஒப்புதலோடு கொடுக்க வேண்டும் என்கிறது மத்திய விதிமுறை. இங்கே பேஸ்மென்ட் முடிந்து படம் ஏறினால்தான் பணம். அதுவரை கல்லும் மணலும் கொத்தனார் கூலியும் வட்டிக் கடன்தான். கைம்பெண்களும் கூலிக்காரர்களும் உத்தரவைத் திருப்பிக் கொடுப்பது இந்த இடத்தில்தான்.