எங்க மாரியோ கொஞ்சம் பைய ஓடுவான்

போன வருசம் கைப்பேசியில் ஒரு எமுலேட்டரை, அதாவது பழைய கேம் பெட்டி மாதிரி வேலை செய்யும் செயலியைப் போட்டு சூப்பர் மாரியோவைத் திறந்தேன். முதல் நிமிடத்திலேயே ஏதோ உறுத்தியது. அதே நீல வானம், அதே செங்கல், அதே காளான். ஆனால் பாட்டு அவசர அவசரமாக ஓடியது. நான் குதிக்க நினைக்கும் முன்பே ஆமை காலடிக்கு வந்துவிட்டது. இத்தனை வருசத்தில் நமக்குத்தான் மறந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, அதை அப்படியே பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தாள்.

"டேய், பாட்டு ஏன்டா இம்புட்டு வேகமா ஓடுது? நம்ம வீட்டுல இப்படி ஓடாதே."

ஒருவருக்கு நினைவு தப்பலாம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தப்பாது. அன்று சாயங்காலமே மதுரை செல்லூர் வீட்டுப் பரணில் ஏறி, பழைய டிவி கேமை இறக்கினேன்.

1998 சித்திரைப் பொருட்காட்சி நேரத்தில் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதுவரை எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் மணிக்கு 5 ரூபாய் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தோம். நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல்தான் இது. நம்ம ஊரில் அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்ததும் இப்படிப்பட்ட நகல்கள்தான். மஞ்சள் கேசட், அடியில் 60 செப்பு முனைகள். பெட்டிக்குள்ளே மொத்த மூளையும் ஒரு கறுப்புப் பசைப் பொட்டுக்கு அடியில் இருக்கும். அந்தப் பொட்டு போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் திறக்கும்போது அதைத்தான் முதலில் பார்த்தேன். விரிசல் இல்லை.

அடாப்டர் தொலைந்துபோயிருந்தது. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வீட்டில் கிடக்கிற 9 வோல்ட் அடாப்டரை அப்படியே சொருகிவிடாதீர்கள். ஃபேமிகாமுக்கு நடு முனை மைனஸ். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். என் பெட்டியின் அடியிலும் மைனஸ் என்றுதான் அச்சிட்டிருந்தது. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் அடாப்டர் வாங்கி, அங்கேயே முனையை மாற்றிப் பற்றவைத்துக் கொண்டேன். அப்படியும் உயிர் வரவில்லை. மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 3.1. மின்சாரத்தை 5 வோல்ட்டில் நிறுத்துகிற 7805 ரெகுலேட்டரையும், தலை உப்பிப்போயிருந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் மாற்றினேன். ரெண்டும் சேர்ந்து ஒரு டீ, வடைக் காசுகூட ஆகவில்லை. இப்போது 4.98. சிவப்பு விளக்கு எரிந்தது.

கேசட்டைச் சொருகுவதற்கு முன்னால் வாய் தானாக ஊதப் போனது. நிறுத்திக்கொண்டேன். ஊதினால் எச்சில் ஈரம் செம்பில் பட்டு நாளடைவில் அரிக்கும். அன்றைக்கு ஊதியதால் வேலை செய்ததென்று நம்பினோமே, உண்மையில் கழற்றி மறுபடி சொருகியதில்தான் முனைகள் சரியாக உட்கார்ந்தன. வெள்ளை ரப்பரால் 60 முனையையும் பைய தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கரியாக வந்தது. ஐந்தாவது பஞ்சுதான் வெள்ளையாக வந்தது.

எல்இடி டிவியில் படம் வந்தது, ஆனால் ஆட்டம் வரவில்லை. பொத்தானை அழுத்தியபின் ஒரு கணம் கழித்துத்தான் மாரியோ குதித்தான். புது டிவிகள் படத்தை உள்ளே வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் திரையில் காட்டுகின்றன. அந்தத் தாமதத்தில் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தேன். எங்கள் பழைய டயனோரா எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. வாடிப்பட்டியில் பெரியம்மா வீட்டில் அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் இலவசக் கலர் டிவி துணி போர்த்தி இருந்தது. "அது எதுக்குப்பா உனக்கு, எடுத்துட்டுப் போ" என்றார். மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தேன்.

படக்குழாய் டிவியில் மஞ்சள் வயரைச் சொருகி ஸ்டார்ட் அழுத்தினேன். பாட்டு வந்தது. அதே பாட்டு. பைய. அக்காவை அழைத்துக் கைப்பேசியை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதுதான்டா" என்றாள்.

காரணம் நம்ம ஊர் டிவி முறைதான், எங்கள் பெட்டியும் அதற்கேற்பத்தான் படம் அனுப்பும். அந்தக் காலத்தில் இந்தியாவில் பேல் என்ற டிவி முறை, திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்பட்டது. ஜப்பானில் என்டிஎஸ்சி என்ற முறை, நொடிக்கு 60. 1985 செப்டம்பர் 13-ல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், திரை ஒரு தடவை வரையப்படும்போதெல்லாம் எல்லாவற்றையும் ஓரடி நகர்த்தும்படி எழுதப்பட்டது. மாரியோவின் ஓட்டம், ஆமையின் நடை, கடிகாரம், கோஜி கோண்டோவின் பாட்டு எல்லாமே அந்தக் கணக்குதான். ஜப்பானில் ஆறு அடி வைக்கிற நேரத்தில் நம்ம வீட்டில் ஐந்து அடி. நான் ரொம்ப ரசித்தது என்னவென்றால், பாட்டின் சுருதி இறங்கவில்லை. ஸ்வரங்களை உண்டாக்குவது சிப்பின் கடிகாரம், அது கிட்டத்தட்ட அதே வேகம்தான். தாளம் மட்டும் விளம்பமாகிவிட்டது.

சரிதானா என்று அளந்து பார்த்தேன். கேமின் கடிகாரத்தில் ஒரு எண் குறைய 24 தடவை திரை வரையப்பட வேண்டும். முதல் கட்டத்தில் 400-லிருந்து தொடங்கும். கணக்குப்படி ஜப்பானில் 160 நொடி, நமக்கு 192 நொடி. காளான் மாதிரி நடந்துவரும் முதல் எதிரியை மிதித்துவிட்டு மாரியோவை அப்படியே நிற்க வைத்து, கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 100-க்கு இறங்கியதும் பாட்டு அவசரப்படும் அந்த இடத்தில் இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பூஜ்யம் வந்தபோது 3 நிமிடம் 12 நொடி. எமுலேட்டரில் 2 நிமிடம் 40. எங்கள் நினைவு தப்பவே இல்லை. எங்களுக்கு அரை நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் கைப்பிடிக்கே போனது. ஏ பொத்தான் நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் குதித்தது. உள்ளே ரப்பருக்கு அடியில் இருக்கும் கார்பன் வட்டு தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. பழைய டிவி ரிமோட் ஒன்றின் ரப்பரிலிருந்து கார்பன் வட்டை பிளேடால் சீவி எடுத்து ஒட்டினேன். முதல் தடவை பசை அதிகமாகி வழிந்து வீணானது. இரண்டாவது தடவை குண்டூசி முனையில் எடுத்த அளவு பசை போதுமானதாக இருந்தது. இரண்டாவது கைப்பிடியின் வயரை எலி கடித்திருந்தது, உள்ளே ஐந்து வயரில் மூன்று துண்டு. அதை இன்னும் தொடவில்லை. அக்காவின் கைப்பிடி அது. அவள்தான் எப்போதும் இரண்டாவது ஆட்டக்காரரான லூயிஜி.

இனி ஆட்டம். எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் 32. சின்ன வயதில் நாங்கள் அத்தனையையும் வரிசையாக முடித்ததே இல்லை. 1-2-ல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், கூரை மேல் ஏறி ஓடி, குழாய் வழியாக நாலாம் உலகத்துக்குத் தாவுவது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 4-4 கோட்டையில் மாட்டிக்கொள்வோம். அங்கே தப்பான பாதையில் போனால் வந்த இடமே திரும்பத் திரும்ப வரும். கேசட்டில் கோளாறு என்று நினைத்துக் கழற்றி ஊதியிருக்கிறோம், எத்தனையோ தடவை. இப்போது அது ஒரு புதிர் என்று தெரிந்து, மேலே கீழே மாற்றிப் போய்த் தாண்டினேன். 28 வருசம் கழித்து ஐந்தாம் உலகத்தின் வாசலை நேர்வழியில் பார்த்தேன்.

இன்னொன்றும் இப்போதுதான் தெரியவந்தது. உயிர் எல்லாம் போய் ஆட்டம் முடிந்தபின், முகப்புத் திரையில் ஏ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தால், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே தொடங்கலாம். அந்த மஞ்சள் கேசட்டுக்குள் முதல் நாளிலிருந்தே அது இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 1-1-லிருந்து தொடங்கினோமே, மின்வெட்டு வருவதற்குள் முடிக்கவேண்டுமே என்று சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தோமே, அதெல்லாம் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டேன்.

நடுவில் மாரியோ 3 கேசட்டையும் துடைத்துப் போட்டேன். 1988-ல் வந்தது. இலையை எடுத்தால் வால் முளைத்துப் பறப்பான். 1-3-ல் வெள்ளைக் கட்டையின் மேல் ஏறிக் கீழ்ப் பொத்தானைப் பிடித்துக் குனிந்தே இருந்தால், மாரியோ காட்சிக்குப் பின்னால் விழுந்து, செடிகளுக்குப் பின்னால் ஓடுவான். அப்படியே கடைசிவரை போனால் வேறு உலகத்துக்குத் தாவ உதவும் ஒரு விசில் கிடைக்கும். ஆரப்பாளையத்திலிருந்து டியூசனுக்கு வந்த பையன் சொன்ன ரகசியம். அவனுக்கு யார் சொன்னார்களோ. என் விரல் யோசிக்காமலே அந்தக் கட்டையில் போய்க் குனிந்தது. ஆனாலும் முதல் மாரியோவை முடிக்காமல் இதற்குள் போக மனசில்லை. கேசட்டைக் கழற்றிவிட்டேன்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அக்கா வந்திருந்தாள். ஆற்றிலிருந்து திரும்பி, தூங்கி எழுந்து, ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்தோம். ஒரே கைப்பிடி, செத்தால் கை மாறவேண்டும். குறுக்கு வழிக் குழாய் எதிலும் இறங்கவில்லை. ஏழாம் உலகம் வரை அவள் கை நன்றாக ஓடியது. 8-3-ல் சுத்தியல் வீசுகிற ஜோடிகளிடம் மூன்று தடவை எல்லா உயிரையும் விட்டோம். மூன்று தடவையும் அவளே ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தாள்.

"இது அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்கு 8-3-ன் கொடிக்கம்பத்தைத் தொட்டோம். 8-4 கோட்டையும் சுற்றிவிடுகிற கோட்டைதான். தப்பான குழாயில் இறங்கினால் ஆரம்பத்துக்கே கொண்டுவந்துவிடும். சரியான குழாய்களில் ரெண்டைக் கண்டுபிடித்துவிட்டோம். அம்மா எழுந்து வந்து, "இன்னுமா ரெண்டு பேரும் தூங்கல?" என்று அதே குரலில் கேட்டார். ரெகுலேட்டரில் விரல் வைத்துப் பார்த்தேன், சூடு தாங்கவில்லை. அணைத்துவிட்டோம்.

அக்கா அடுத்து ஆடியில் வருகிறாள். அதற்குள் 7805-க்கு ஒரு அலுமினியத் தகடு வைத்துத் திருகவேண்டும், லூயிஜி கைப்பிடியின் மூன்று வயரையும் பற்றவைக்கவேண்டும்.