மாடி வாடகையும் காப்பீட்டு அட்டையும்

வேலூரில் தையற்கடை, மின்பொருள் கடை, அச்சகம் என்று சொந்தத் தொழில் செய்பவர்களில் பலர் மாடியிலோ பின்கட்டிலோ ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பார்கள். சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்கு வருபவர்களும் வி.ஐ.டி. மாணவர்களும் இருக்கும் வரை தோட்டப்பாளையத்திலோ காட்பாடியிலோ குடித்தனக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாடகைக்கு வருமான வரி எவ்வளவு வரும் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. சிறிய அச்சகம் நடத்திக்கொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் எனக்கு, முதலில் கேட்க வேண்டியது அதுவன்று என்றே தோன்றுகிறது. நம்மைப் போன்றவர்களின் வாடகை, வரியைத் தொடுவதற்கு வெகு முன்பே மருத்துவக் காப்பீட்டைத் தொட்டுவிடுகிறது.

முதலில் வரிக் கணக்கு. (2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருவதால், பிரிவு எண்களைத் தவிர்க்கிறேன்.) ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் விற்றுமுதல் உள்ள கடைக்காரர் ஒருவர், பணம் முழுவதையும் வங்கி வழியாகவும் யு.பி.ஐ. வழியாகவும் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்றுமுதலில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் கொள்ளும் உத்தேச வருமான முறையில் அவர் குறைந்தபட்சம் 6 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாயை லாபமாகக் காட்டலாம். மாடி வாடகை மாதம் 12,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,44,000. இது கடை விற்றுமுதலில் சேராது. வீட்டுச் சொத்து வருமானம் என்ற தனித் தலைப்பில் வரும். மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி 4,000 ரூபாயைக் கழித்து, மீதி 1,40,000 ரூபாயில் பராமரிப்புக்கென 30 சதவீதத்தை, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், சட்டமே கழித்துவிடுகிறது. எஞ்சுவது 98,000. மொத்த வருமானம் 2,78,000 ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் (இதில் கழிவுகளும் குறைவு, வரி விகிதமும் குறைவு) 4 லட்சம் வரை வரியே இல்லை; 12 லட்சம் வரை கணக்கில் வரும் வரிக்கும் முழுத் தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டியதும் இல்லை. குடித்தனக்காரர் தந்த அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய தொகை. அது வருமானம் ஆகாது.

இனி அதே குடும்பத்தின் காப்பீட்டு அட்டையைப் பார்ப்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அதற்கான வருமான வரம்பு, முன்பு 72,000 ரூபாயாக இருந்து, இப்போது 1,20,000 ரூபாய். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று கேட்கும்போது எழுத வேண்டியது குடும்பத்தின் ஆண்டு வருமானம். வரிச் சட்டத்தின் 30 சதவீதக் கழிவுக்கு அங்கே இடமில்லை. மேலே சொன்னவருக்குக் கடை லாபத்தைச் சேர்க்காமலே, வாடகை மட்டுமே வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஒரு ரூபாய்கூட வரி கட்டத் தேவையில்லாத குடும்பம் அரசு காப்பீட்டுக்கு மட்டும் வசதியான குடும்பமாகிவிடுகிறது. மாதம் 10,000 ரூபாய் என்ற இந்தக் கோடு இன்றைய விலைவாசிக்கு மிகத் தாழ்வானது என்பது என் கருத்து. மேலும் சம்பளக்காரருக்கு இருப்பது போல, ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு நமக்குக் கிடையாது. நாடெங்கிலுமிருந்து வரும் நோயாளிகளுக்கு அறை கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் தம் குடும்பத்தின் சிகிச்சைக்குக் கடன் வாங்கும் நிலை இந்த ஊரில் வரக்கூடியதுதான்.

நோயாளிகளுக்குக் கட்டில், படுக்கை, துப்புரவு வசதியோடு நாள் வாடகைக்கு அறை விடுபவர்களின் கணக்கு வேறு. அது பொதுவாகத் தொழில் வருமானமாகவே பார்க்கப்படும். 30 சதவீதக் கழிவு கிடைக்காது.

வாடகை உண்மையிலேயே வரியைக் கடிக்கும் இடம் 12 லட்சத்தின் ஓரம். தொழில்முறையாளருக்கான உத்தேச முறையில் ஒரு பல் மருத்துவர் 22 லட்சம் வரவில் பாதியை, 11 லட்சத்தை, வருமானமாகக் காட்டுகிறார். வாடகை இல்லையென்றால் வரி இல்லை. மாதம் 25,000 ரூபாய் வாடகை வந்து, 10,000 ரூபாய் சொத்து வரி கட்டினால், கழிவு போக 2,03,000 ரூபாய் சேர்ந்து மொத்தம் 13,03,000 ஆகிறது. தள்ளுபடி முழுவதும் போய், செஸ் எனும் கூடுதல் வரியோடு கட்ட வேண்டியது 78,468 ரூபாய். வாடகையில் கால்பங்குக்கும் மேல். இதைத் தவிர்க்க வீட்டை மனைவி பெயருக்குத் தானமாக எழுதி வைப்பவர்கள் உண்டு. ஈடு பெறாமல் மனைவிக்கு மாற்றிய வீட்டுக்குக் கணவரையே உரிமையாளராகச் சட்டம் கருதுவதால், பத்திரச் செலவுதான் மிச்சம். வீட்டுக் கடன் இருந்தால் வட்டியைக் கழிக்கலாம். ஆனால் புதிய முறையில், வாடகையை மிஞ்சும் வட்டியைத் தொழில் வருமானத்தில் ஈடுசெய்ய முடியாது.

அட்டைக்குத் தகுதியில்லாத குடும்பம் தனியார் பாலிசிதான் எடுக்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியிருப்பது ஓரளவு ஆறுதல். பிரீமியத்தை வருமானத்தில் கழிக்கும் சலுகை (60 வயதுக்குட்பட்ட குடும்பத்துக்கு 25,000 ரூபாய் வரை) பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. அதற்கும் ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. அந்தச் சலுகைக்காகவே பழைய முறைக்குப் போவது நம் அளவு வருமானத்துக்கு வீண். தொழில் வருமானம் உள்ளவர் அப்படிப் போனால் புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்பலாம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி இருப்பதால், மாடி கட்டி வாடகை வரத் தொடங்கும் ஆண்டிலேயே முதல் பிரீமியத்தைக் கட்டிவிடுவது நல்லது.