பேருந்துச் சன்னலுக்கு வெளியே இருந்த மலை

புதுக்கோட்டைக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இலுப்பூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அன்னவாசலுக்குச் சற்று முன்னால் நீண்டு கிடக்கும் சித்தன்னவாசல் குன்றைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். குழந்தைகளை ஊட்டிக்கும் மாமல்லபுரத்துக்கும் அழைத்துச் சென்ற எங்களுக்கு, இந்த இடத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த நாத்தனார், "அண்ணி, சித்தன்னவாசல் குகைக் கோயில் ஓவியம் எப்படி இருக்கும்?" என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். காணும் பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மாமனார் உட்பட ஏழு பேர் புறப்பட்டோம்.

வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது என்பதால், காலையிலேயே ஏழடிப்பட்டம் என்னும் சமணர் குகைக்கு ஏறினோம். படிகளில் ஏறிக் குன்றின் மறுபக்கம் போனால், ஒருபுறம் பாறைச் சுவரும் மறுபுறம் பள்ளமுமாக ஒரு குறுகலான வழி வருகிறது. இப்போது இரும்புக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். முற்காலத்தில் பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துத்தான் போக வேண்டியிருந்ததாம், பெயரும் அதனால் வந்ததுதான். இயற்கையான குகைக்குள் பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல் சற்றே உயர்த்தப்பட்டு, வழவழப்பாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றையொட்டி இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. 'இளையர் செய்த அதிட்டானம்' என்று அதில் வருகிறது. யாரோ ஒரு சமணத் துறவிக்காகச் செய்து கொடுத்த இருக்கை. பத்து வயது மகள், இதில் எப்படித் தூங்குவார்கள், முதுகு வலிக்காதா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், தூக்க சுகம் வேண்டியவர்கள் அங்கே வந்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

முழங்கால் வலியால் கீழேயே தங்கிவிட்ட மாமனார், அறிவர் கோயிலுக்கு மட்டும் எங்களோடு மெதுவாக ஏறி வந்தார். அது பாறையைக் குடைந்து செய்த மிகச் சிறிய சமணக் குடைவரை. இவ்வளவு சிறிய இடமா என்று முதலில் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அண்ணாந்து பார்த்த பிறகுதான் பேச்சு நின்றது. மேற்கூரை முழுவதும் ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கும் மொட்டுகளுக்கும் நடுவே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். பூக்களைப் பறித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் ஆண்கள். நிறைய உதிர்ந்துபோயிருக்கிறது. மீதமிருப்பதில் ஒரு மீனைக் கண்டுபிடிக்க ஆறு வயது மகனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு அவனை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. தூண்களில் இருக்கும் நடன மங்கையரின் கை வளைவை நாத்தனார் பார்த்துக்கொண்டே நின்றார். கருவறைக்குள் நின்று மெல்ல 'ம்' என்று ஓசை எழுப்பினால், சுவர்களே முனகுவதுபோல் அது நம்மைச் சூழ்கிறது.

மாமனார், தாம் பள்ளியில் படித்த காலத்தில் இவை மகேந்திரவர்ம பல்லவன் காலத்து ஓவியங்கள் என்றே சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். குடைவரைக்கு வெளியே உள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது: ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தி அதில் இருக்கிறது. இந்த ஓவியங்களை முதலில் கவனப்படுத்தியவர் புதுக்கோட்டை வரலாற்றை எழுதிய ராதாகிருஷ்ண ஐயர், அதுவும் 1916இல்தான். ஆயிரம் ஆண்டுகள் கண்டுகொள்ளப்படாமல் இருந்த இடத்துக்கு நான் பன்னிரண்டு ஆண்டு தாமதமாக வந்ததில் பெரிய குற்றமில்லை என்று என் கணவர் சமாதானம் சொன்னார்.

கீழே பூங்காவில் சாப்பிட்டோம். குழந்தைகளைக் கேட்டால் அந்த நாளின் சிறந்த பகுதி அங்கிருந்த ஊஞ்சல்தான் என்பார்கள். திரும்பும் வழியில், சாலையோரத்தில் வட்டமாகக் கிடந்த கற்களைக் கணவர் காட்டினார். பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்களாம். பேருந்தில் போகும்போது வெறும் கற்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அடுத்த மாதம் திருமயம் போனோம். அங்கும் இதே கதைதான். காரைக்குடிப் பக்கம் போகும்போதெல்லாம் கோட்டைச் சுவரையொட்டிய பைரவர் கோயிலில் வண்டியை நிறுத்திச் சிதறுகாய் உடைத்திருக்கிறோமே தவிர, 1687இல் எழுந்த அந்தக் கோட்டைக்குள் கால் வைத்ததில்லை. உச்சியில் பீரங்கி அருகே வீசிய காற்றில் மகனின் தொப்பி பறந்துபோனதைத் தவிர எல்லாம் நன்றாக நடந்தது. கீழே ஒரே பாறையில் குடையப்பட்ட சிவன் கோயிலையும் பெருமாள் கோயிலையும் பார்த்து முடிக்கும்போது நண்பகல் ஆகிவிட்டது.

இசைக் கல்வெட்டு இருக்கும் குடுமியான்மலைக்குத் தேர்வுகள் முடிந்ததும் போவதாக ஏற்பாடு. மாமனார் ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: "தயிர்சாதம் மட்டும் போதும்மா, புளியோதரை வேண்டாம். அன்னைக்குப் பூராவும் தாகம் தாங்கலை."