கடன் வாங்கிய பாசிமணி

1988இல், ஆறாம் வகுப்பில், நம் பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. குறத்தி வேஷம். அம்மா கண்டாங்கிச் சேலை கட்டிவிட்டு, பெங்களூர் அல்சூரில் இருந்த வீட்டிலிருந்து நடத்தியே கூட்டி வந்தார். பாசிமணி மட்டும் எங்களிடம் இல்லை. பக்கத்தில் உட்காரும் தோழி கொடுத்தாள். அவளுடைய அம்மா ரஸ்ஸல் மார்க்கெட் வாசலில் ஊசியும் பாசியும் விற்பவர். மேடையேறி "சாமியோவ்" என்று நான் குரல் கொடுத்ததும் கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

போன முறை ஊருக்கு வந்தபோது கலைஞர் புஷ்பமாலாவின் புகைப்படங்களைப் பார்த்தேன். அன்றிலிருந்து சிரிக்காத அந்தத் தோழியின் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

புஷ்பமாலா பெங்களூருக்காரர், 1956இல் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்தார். அப்புறம் புகைப்படம், வீடியோ, நிகழ்த்துகலை என்று போனார். 2000 முதல் 2004 வரை, இதே ஊரில் வசிக்கும் புகைப்படக் கலைஞர் க்ளேர் ஆர்னியோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களைக் காட்டிய பழைய படங்களை மறுபடி எடுத்தார். எல்லாவற்றிலும் வேஷம் கட்டியவர் அவரேதான். ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, 1970களின் தமிழ்ப் பட ஸ்டில்லில் சாட்டை பிடித்தவள், பத்திரிகையில் வந்த குற்றவாளிப் பெண்கள். பார்த்துக்கொண்டே வந்தேன். நல்ல குறும்பு.

நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்ணின் படத்தருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. பின்னால் கட்டம் போட்ட திரை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் பழங்குடி மக்களை இப்படி நிறுத்திப் படம் பிடித்தார்கள். கட்டத்தை எண்ணினால் உடம்பின் அளவு தெரிந்துவிடும். நிற்பவளின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் புஷ்பமாலா தானே போய் நிற்கிறார். திரையையும் மறைக்கவில்லை. அவரை விட்டு, அந்தத் திரையைக் கட்டியவர்கள் யார் என்றுதான் எனக்குத் தேடத் தோன்றியது.

எங்கள் மேடையில் கட்டம் போட்ட திரை இல்லை, சரி. ஆனால் "சாமியோவ்" என்றால் குறத்தி, பாசிமணி என்றால் குறத்தி என்று நாங்களும் அளந்துதான் வைத்திருந்தோம். தோழியின் அம்மா அப்படிப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது சினிமாவில் கற்றது. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம் மணியை வாங்கினேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏழாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. ஏன் என்று டீச்சரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருடம் நம் வகுப்பில் இருந்த யாருக்காவது அவள் இருக்கும் இடம் தெரிந்தால், நம் பழைய மாணவர் சங்கத்தின் மூலம் எனக்குச் சொல்லுங்கள். சிவப்பும் கறுப்புமாக ஒரு சரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விழா முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் வாங்கினேன்.