ஸ்டெம் செல் எதன் மேல் உட்காருகிறது என்பதுதான் விஷயம்

2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷர் குழுவினர் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையில் கிடைக்கும் ஒரே வகை மனித ஸ்டெம் செல் (பல வகைச் செல்லாக மாறக்கூடிய செல்), அதற்கு ஊற்றும் ஊட்டத் திரவமான மீடியமும் ஒன்றே. மாற்றியது ஒன்றைத்தான்: செல் உட்காரும் ஜெல்லின் விறைப்பை. மூளைத் திசு அளவுக்கு இளக்கமான, 1 கிலோபாஸ்கலுக்கும் (விறைப்பை அளக்கும் அலகு) குறைந்த ஜெல்லில் செல்கள் நரம்புச் செல் மாதிரி கிளை விட்டன. 8 முதல் 17 கிலோபாஸ்கல் வரை, அதாவது தசையின் விறைப்பில், தசைப் பக்கம் போயின. 25-லிருந்து 40-க்குள் இருந்தவை எலும்புப் பக்கம் திரும்பின. இத்தனைக்கும் அந்த ஜெல் அபூர்வப் பொருள் எதுவும் கிடையாது. பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் புரதம் பிரிக்க இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றியிருப்பீர்களே, அதே பாலிஅக்ரிலமைடு, மேலே செல் பிடித்துக்கொள்ளக் கொலாஜன் புரதப் பூச்சு, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் செல் வளர்ப்பதுதான் என் வேலை. ஊர் கடலூர். ஸ்டெம் செல் என்று பேச்சு வந்தாலே எல்லோருக்கும் அந்தச் செல்லின் மேல்தான் கண், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். அதனால்தான் இந்தப் பதிவு.

கண்ணும் காதும் இல்லாத செல்லுக்குத் தரையின் விறைப்பு எப்படித் தெரியும்? இழுத்துப் பார்த்துத்தான். தேவனாம்பட்டினம் பீச்சில் காய்ந்த மணலில் நடக்கும்போது கால் புதையும், அலை நனைத்த ஓரத்துக்கு வந்துவிட்டால் தரை திருப்பிக் கொடுக்கும், உடனே நம் நடையே மாறும், அந்த மாதிரிதான். செல் தன் மேலுறையில் இருக்கும் இன்டெக்ரின் என்ற புரதத்தால் ஜெல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஆக்டின் இழைகளால் இழுக்கிறது. ஜெல் இளகிக் கொடுத்தால் உள்ளே இறுக்கம் ஏறாது. கொடுக்காவிட்டால் இறுக்கம் ஏறி, யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் எந்த மரபணு வேலை செய்யவேண்டும் என்பதையே மாற்றிவிடும். இந்த யாப் விஷயத்தை 2011-ல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகக் குழு தெளிவாகக் காட்டியது. இப்போது யோசித்துப் பாருங்கள், நாம் வழக்கமாகச் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டு மூளைத் திசுவைவிட லட்சக்கணக்கான மடங்கு விறைப்பு. எலும்பையும் பல்லையும் விட்டால், உடம்புக்குள் எந்தச் செல்லும் அப்படி ஒரு தரையைப் பார்த்ததே இல்லை.

சரி, அப்புறம் ஆர்கனாய்ட் கதை, அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டி உறுப்பு. 2009-ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸும் தோஷிரோ சாட்டோவும் எலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லில் இருந்து ஒரு குட்டிக் குடலையே வளர்த்தார்கள். அது வளர்ந்தது மேட்ரிஜெல் என்ற ஜெல்லுக்குள். ஆய்வகத்தில் இதைக் கையாளுவதே ஒரு தவம். ஃப்ரீசரில் இருந்து எடுத்து முதல் நாள் இரவே ஐஸில் வைத்து 4 டிகிரியில் உருகவிட வேண்டும். பிப்பெட் முனைகளையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் போட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் நம்மூர் மே மாத வெயிலில் ஏசி கொஞ்சம் தடுமாறினாலும் முனைக்குள்ளேயே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், சூடு பட்டால் இறுகும் ஜெல் இது. செல்லைக் கலந்து, குமிழி வராமல், வளர்ப்புத் தட்டில் இருக்கும் குழியின் நடுவில் ஒரு சொட்டு. அது கவிழ்த்த கிண்ணம் மாதிரி நிற்க வேண்டும், ஓரத்தைத் தொட்டுவிட்டால் பரவிப்போகும். பிறகு செல்லெல்லாம் அடியில் போய்ப் படியாமல் இருக்கத் தட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பி 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வைத்து, கெட்டியான பிறகுதான் மேலே மீடியம் ஊற்றலாம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறோமே, அந்த மேட்ரிஜெல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எலிக்கு வரும் ஒரு சார்கோமா புற்றுக்கட்டியில் இருந்து. லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் என்று செல்லுக்குப் பிடித்த புரதமெல்லாம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூடவே வேறு நூற்றுக்கணக்கான புரதங்களும் இருக்கின்றன, ஒரு தொகுதி மாதிரி அடுத்த தொகுதி இருக்காது, எலிக் கட்டி ஜெல்லில் வளர்ந்த திசுவை மனிதனுக்குள் வைக்கவும் முடியாது. உலர் பனிக்கட்டியில் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும் என்பதால் இங்கே சொட்டுக்குச் சொட்டுக் காசு. திசுப் பொறியியலின் பெரிய முட்டுக்கட்டை இதுதான் என்பது என் கருத்து.

இதற்கு மாற்றாக, நமக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் போட்டு ஜெல்லையே வடிவமைக்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை சுவிட்சர்லாந்தின் லொசானில் மத்தியாஸ் லுட்டோல்ஃப் குழு செய்தது. 2016-ல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற செயற்கைப் பொருளில் ஜெல் செய்து பார்த்தார்கள். தனியாக விட்டால் அதில் செல் ஒட்டவே ஒட்டாது. அர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்த ஆர்ஜிடி துணுக்கை அதில் மாட்டினால்தான் இன்டெக்ரினுக்குப் பிடி கிடைக்கும். இதில் அவர்கள் கண்டது என்னவென்றால், குடல் ஸ்டெம் செல் பெருகுவதற்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டும், சுமார் 1.3 கிலோபாஸ்கல், ஆனால் அதுவே குடலாக உருவெடுக்க இளக்கமும் லாமினினும் வேண்டும். ஒரே விறைப்பு இரண்டுக்கும் ஆகாது! அதனால் முதலில் விறைப்பாக இருந்து போகப்போகத் தானே இளகும் ஜெல்லைச் செய்தார்கள். 2020-ல் இன்னும் ஒரு படி மேலே போய், லேசரால் ஜெல்லுக்குள் (இந்த முறை கொலாஜனும் மேட்ரிஜெல்லும் கலந்த ஜெல்) குடலின் பள்ளங்களோடு ஒரு குழாயே குடைந்து செல்லை விட்டார்கள். ஸ்டெம் செல்கள் தாமாகவே பள்ளத்துக்குள் போய்த் தங்கின, குழாய் இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் செத்த செல்களைக் கழுவிவிட முடிந்தது, வாரக்கணக்கில் உயிரோடு இருந்தது. வழக்கமான ஆர்கனாய்ட் மூடிய உருண்டை, உள்ளே செத்த செல் சேர்ந்துகொண்டே போகும், வாரத்துக்கு ஒருமுறை உடைத்து மறுபடி நட வேண்டும். அந்தச் சலிப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் இந்தக் குழாயின் அருமை தெரியும்.

மஞ்சக்குப்பத்தில் என் பெரியம்மா இருக்கிறார், முட்டி தேய்ந்துபோய் மாடிப்படி ஏற முடியாது. "ஏம்மா, ஸ்டெம் செல் ஊசி போட்டா முட்டி பழையபடி ஆயிடுமாமே, நீ அதுலதான வேலை பாக்குற?" என்று கேட்டார். ஒரு கிளினிக்கில் லட்சக்கணக்கில் விலை சொல்லியிருக்கிறார்கள். கோபம் வந்தது, பெரியம்மா மேல் அல்ல. தேய்ந்த மூட்டுக்குள் ஊசியில் போகும் செல்லுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பெரும்பாலானவை சில வாரங்கள்கூட அங்கே தங்குவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் பதிவுசெய்த மருத்துவச் சோதனைக்குள்தான் நடக்க வேண்டும். சோதனை என்றால் மருத்துவச் சோதனைகளின் பதிவேடான சிடிஆர்ஐ-யில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள் பெரியம்மா, எண் தராமல் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்றேன்.

செல் சிகிச்சை நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு. சுண்ணாம்போ அமிலமோ பட்டுக் கருவிழியின் மேற்பரப்பு போனவர்களுக்கு, நல்ல கண்ணின் ஓரத்தில் இருந்து துளித் திசு எடுத்து, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் ஸ்டெம் செல்லை வளர்த்து, சவ்வோடு கண்ணில் வைக்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் 2000-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்யத் தொடங்கினார்கள். அங்கே செல்லுக்குத் தரை உண்டு, அந்தத் தரையோடுதான் அது கண்ணுக்குப் போகிறது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். கடலூர் சிப்காட்டில் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் தொழிற்சாலை இருக்கிறது. ஜெலட்டின் என்பது உடைந்த கொலாஜன்தான், ஆர்ஜிடி அதிலேயே இருக்கிறது, தனியாக மாட்டத் தேவையில்லை. 37 டிகிரியில் உருகிவிடும் என்பதுதான் சிக்கல், அதற்கு மெத்தாக்ரிலேட் என்ற வேதித் துணுக்கைச் சேர்த்து ஒளி காட்டிக் கெட்டியாக்கும் முறை 2000-லேயே வந்துவிட்டது. எத்தனை சதவீதம் கரைக்கிறோம், எவ்வளவு நேரம் ஒளி காட்டுகிறோம் என்பதை வைத்து விறைப்பை நாமே முடிவுசெய்யலாம். மாத்திரை உறைக்குப் போகும் ஜெலட்டினை அப்படியே எடுத்துச் செல்லுக்குக் கொடுக்க முடியாது, பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினை நீக்க வேண்டும், அது லேசான வேலையும் இல்லை. ஆனாலும் மூலப்பொருள் பக்கத்திலேயே இருக்கும்போது, இங்கே எம்.எஸ்சி மாணவர்கள் எலிக் கட்டி ஜெல் வாங்கக் காசில்லை என்று ஆர்கனாய்ட் பக்கமே போகாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. புதுச்சேரி, கடலூர் பக்கம் யாரிடமாவது ஜெல்லின் விறைப்பை அளக்கும் ரியோமீட்டர் இருந்தால், அல்லது ஜெலட்டின் சுத்திகரிப்பில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால், எனக்கு எழுதுங்கள். செல் வளர்க்கும் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.