டர்போ போய்விட்டதா, குழாய் கிழிந்ததா?
வண்டி இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது என்றதுமே "டர்போ போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்கிறார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. முதலில் அந்தக் காற்றழுத்தத்தை அளக்க வேண்டாமா?

தம்பியின் டீசல் காருக்கு நேற்று அதைத்தான் செய்தோம். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கத்துச் சிறு குழாயில் டி (T) வடிவ இணைப்பு போட்டு, பிரஷர் கேஜை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தோம். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் முள் ஏறாது. எஞ்சினுக்குச் சுமை வேண்டும். மேடே இல்லாத நம் டெல்டாவில் சுமைக்கு எங்கே போவது? ஆட்களை ஏற்றிக்கொண்டு, மன்னார்குடி சாலையில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தான் தம்பி. (அறுவடைக் காலமென்றால் பாதிச் சாலையில் நெல் காயும், இதெல்லாம் நடக்காது.) ஒரு பாரை (பார் என்பது அழுத்த அலகு) தொட வேண்டிய முள் பாதியிலேயே நின்றுவிட்டது.

கேஜுக்குப் பதில் ஸ்கேனரில் (காரின் கணினியோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் கருவி) பார்ப்பவர்கள் கவனிக்க: பெரும்பாலும் அது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். ஏறக்குறைய ஒரு பாரைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, எங்காவது கசிகிறதா என்று பார்க்க, காற்று நுழையும் வாயை அடைத்து, கம்ப்ரசரில் மெதுவாகக் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தடவினோம். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயின் அடியில், கிளாம்பை ஒட்டி, எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே குமிழி குமிழியாகக் கிளம்பியது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

டர்போ நன்றாகத்தான் இருக்கிறது. குழாய்க்குத் தஞ்சாவூரில் சொல்லியிருக்கிறோம்.