விஸ்கான்சின் ஓட்டக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்

அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ரான் டெய்ன் தன் கல்லூரிக் காலத்தில் மொத்தம் எத்தனை யார்டு ஓடினார்? 6,397 என்று ஒரு பதில் கிடைக்கும். 7,125 என்றும் கிடைக்கும். இரண்டுமே சரியான எண்கள், இரண்டுமே அச்சில் இருப்பவை. நடுவில் 728 யார்டு வித்தியாசம். இந்த வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு போனதுதான் நான் இப்போது பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலை. விஸ்கான்சின் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் சாதனைப் பட்டியலை எடுத்து, எல்லாக் காலத்து வீரர்களையும் ஒரே விதியின்கீழ் எண்ணினால் என்ன வருகிறது என்று எக்செல்லில் போட்டுப் பார்க்கிறேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். போனால் மறுபடி நான்கு முயற்சி. கொண்டுபோக இரண்டு வழி, எறிவது அல்லது கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. ஓடுவதற்கென்றே இருப்பவர் ரன்னிங் பேக். மாடிசன் நகரத்தில் இருக்கும் விஸ்கான்சின் அணிக்கு இந்த ஓட்டம்தான் அடையாளம். 1990இல் பாரி ஆல்வரெஸ் பயிற்சியாளராக வந்ததிலிருந்து, முன்வரிசையில் மலைபோன்ற ஆட்களை நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் ஒருவரை ஓடவிடுவது என்பது அங்கே குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது.

சரி, அந்த 728 யார்டுக்கு வருவோம். சீசன் முடிந்ததும் நல்ல அணிகளுக்குப் பௌல் என்ற பெயரில் ஒரு கடைசி ஆட்டம் கிடைக்கும். ரோஸ் பௌல், ஆரஞ்சு பௌல் என்று பல உண்டு. தேசிய அளவில் கணக்கு வைத்திருக்கும் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, 2002க்கு முன்பு வரை இந்தப் பௌல் ஆட்டத்தில் எடுத்ததைத் தனிநபர் கணக்கில் சேர்க்கவே இல்லை. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அடித்த ரன்னை ஒருவருடைய மொத்த ரன்னில் சேர்க்காமல் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. 2002இலிருந்து சேர்க்கிறார்கள். ஆனால் பழைய ஆட்களுக்குத் திரும்பிப் போய்ச் சேர்க்கவில்லை. டெய்ன் ஆடியது 1996 முதல் 1999 வரை.

முதல் வேலையாக அவருடைய நான்கு சீசனை உடைத்தேன். பௌல் இல்லாமல் 1,863, 1,421, 1,279, 1,834. கூட்டினால் 6,397. பௌல் ஆட்டங்களில் யூட்டாவுக்கு எதிராக 246, ஜார்ஜியாவுக்கு எதிராக 36, யூசிஎல்ஏவுக்கு எதிராக மறுபடி 246, ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 200. கூட்டினால் 728. கணக்கு டக்கென்று பொருந்தியதும் ஒரு சந்தோஷம். இந்த மாதிரி வேலையில் கிடைக்கிற சம்பளமே அதுதான். அந்த 36ஐயும் பாருங்கள். நான்கு பௌலில் மூன்றில் 200 அல்லது அதற்கு மேல், ஒன்றில் மட்டும் ஜார்ஜியா அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது.

1999 நவம்பர் 13 அன்று அயோவாவுக்கு எதிராக, சொந்த மைதானமான கேம்ப் ராண்டலில், டெக்சஸின் ரிக்கி வில்லியம்ஸ் வைத்திருந்த 6,279 யார்டு சாதனையை டெய்ன் தாண்டினார். அன்றைக்கு மட்டும் 216 யார்டு. பார்வையாளர்கள் அவர் பெயரும் 33 என்ற எண்ணும் போட்ட வெள்ளைத் துண்டுகளைச் சுழற்றினார்கள். அந்த ஆண்டே, சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையும் வாங்கினார். பதினேழு ஆண்டு அந்தச் சாதனை நின்றது. 2016 டிசம்பரில் சான் டியேகோ ஸ்டேட் அணியின் டானல் பம்ஃப்ரி 6,405 யார்டில் முடித்தார். எட்டு யார்டு கூடுதல். எங்கே தாண்டினார் தெரியுமா? லாஸ் வேகஸ் பௌல் ஆட்டத்தில். அன்றைக்கு அவர் ஓடிய 115ஐ மட்டும் கழித்தால்கூட 6,290தான் நிற்கிறது. ஒருவருக்குப் பௌலைச் சேர்க்காமல், இன்னொருவருக்குச் சேர்த்து, இரண்டையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைத்திருக்கிறார்கள். விஸ்கான்சின் தன் சொந்தப் புத்தகத்தில் 7,125 என்றுதான் போடுகிறது. எனக்கும் அதில்தான் நியாயம் தெரிகிறது. பம்ஃப்ரி மேல் குறை ஒன்றும் இல்லை. டெய்னைவிடக் குறைந்த முறை பந்தை வாங்கி ஓடியவர் அவர். டெய்ன் பௌல் இல்லாமலே 1,115 முறை, பம்ஃப்ரி எல்லாம் சேர்த்து 1,059 முறை.

அப்புறம்தான் வேலை சுவாரஸ்யமானது. டெய்னுக்குச் சாதகமாகப் பௌலைச் சேர்த்துப் பார்த்தாயிற்று. மற்றவர்களுக்கு அதைக் கழித்துப் பார்த்தால் என்ன?

ஜோனத்தன் டெய்லரை எடுத்தேன். 2017இல் 1,977, 2018இல் 2,194, 2019இல் 2,003. மூன்றே ஆண்டில் 6,174 யார்டு, அதுவும் 41 ஆட்டத்தில். முதலாண்டு மாணவராக அவர் எடுத்த 1,977, ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் வைத்திருந்த 1,925ஐத் தாண்டியது. பௌல் ஆட்டங்களில் வரிசையாக 130, 205, 94. கழித்துப் பாருங்கள்: 1,847, 1,989, 1,909. அதாவது பழைய விதிப்படி டெய்லருக்கு 2,000 யார்டு சீசன் ஒன்றுகூடக் கிடையாது! டெய்ன் 1996இல் பௌலோடு 2,109, 1999இல் 2,034. புதிய விதிப்படி அவருக்கு இரண்டு 2,000 யார்டு சீசன். ஆனால் என்சிஏஏ புத்தகத்தில் இருப்பது நேர் எதிர். டெய்லருக்கு இரண்டு, டெய்னுக்குச் சைபர். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான், இனி இந்த எக்செல் கோப்பை விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

இன்னொரு சிறு கணக்கும் போட்டேன். ஜார்ஜியாவின் ஹெர்ஷல் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் மூன்று ஆண்டில் 5,259 எடுத்திருந்தார். மூன்று ஆண்டுக் கணக்கில் அதைத் தாண்டியவர் டெய்லர். வாக்கரின் எண்ணில் பௌல் கிடையாது. டெய்லரின் பௌலைக் கழித்தாலும் 5,745 வருகிறது. ஆக, இது எந்த விதியிலும் நிற்கிற சாதனை. டெய்லர் பந்தைக் கைநழுவ விட்டது 18 முறை என்பதையும் ஓர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

அடுத்தவர் மெல்வின் கார்டன். இவருக்கென்று தனிக் கோப்பே திறக்கலாம். 2014 நவம்பர் 15, நெப்ராஸ்காவுக்கு எதிராக 25 ஓட்டத்தில் 408 யார்டு. டிசியூ அணியின் லடேனியன் டாம்லின்சன் 1999இல் எடுத்த 406தான் அதுவரை ஒரே ஆட்டத்துக்கான தேசிய சாதனை. மூன்றாம் கால்பகுதியின் கடைசி ஓட்டத்தில், 26 யார்டு போய் டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) போட்டு, அதைத் தாண்டினார். நான்காம் கால்பகுதி முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். அணி 59–24 என்று ஜெயித்த ஆட்டம் அது, அவரை இன்னும் ஓடவிட எந்தத் தேவையும் இல்லை. சரியாக ஏழே நாளில் ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் கான்சஸுக்கு எதிராக 427 எடுத்து அதை முறியடித்தார். அந்த நான்காம் கால்பகுதியில் இரண்டு மூன்று முறை பந்தைக் கொடுத்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. விஸ்கான்சின் சாதனையாக 408 அப்படியே இருக்கிறது. அதற்கு முன் அங்கே இருந்தது டெய்ன் 1996இல் ஹவாய்க்கு எதிராக எடுத்த 339.

அந்த 339க்கும் ஒரு பின்கதை உண்டு. ஹவாய்க்குப் போய் ஆடும் அணி, வழக்கமான 11 ஆட்டத்துக்கு மேல் கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. அப்படிக் கிடைத்த ஆண்டில்தான் டெய்னுக்கு 1,863. பௌல் மட்டும்தான் கணக்கைக் குலைக்கிறது என்று நினைத்தால், ஆட்டங்களின் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2006 முதல் வழக்கமான சீசனே 12 ஆட்டம். 2011 முதல் விஸ்கான்சின் ஆடும் பிக் டென் லீக்கில் தனியாக ஓர் இறுதிப் போட்டியும் வந்துவிட்டது.

கார்டனின் 2014 சீசன் மொத்தம் 2,587. அவுட்பேக் பௌலில் ஆபர்னுக்கு எதிராக எடுத்த 251ஐக் கழித்தால் 2,336. ஒரே சீசனில் அதிகம் என்ற தேசிய சாதனை ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் 1988இல் வைத்த 2,628. அதில் பௌல் சேரவில்லை, வெறும் 11 ஆட்டம். கார்டனுக்குக் கிடைத்தது 14 ஆட்டம். சாண்டர்ஸ் பௌலில் ஓடிய 222ஐயும் சேர்த்தால் 2,850. 2024இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டத்தில் 2,601 வரை வந்து 27 யார்டில் கோட்டைவிட்டார் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். என் அட்டவணையில் அந்த இடைவெளி 249.

சாண்டர்ஸ் பெயர் வந்ததும் மான்டி பாலைத் தவிர்க்க முடியாது. 2011இல் பால் 39 டச் டவுன் போட்டு சாண்டர்ஸைச் சமன் செய்தார். 33 ஓட்டத்தில், 6 பந்தைப் பிடித்து. அதில் ஒன்று ரோஸ் பௌலில் வந்தது. சாண்டர்ஸின் ஐந்து பௌல் டச் டவுனும் புத்தகத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒரே விதியில் வைத்தால் 44க்கு 39, அல்லது 39க்கு 38. எப்படிப் போட்டாலும் சமன் வரவில்லை. பாலுக்கு இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டில் 83 டச் டவுன் போட்டு, முடித்த நாளில் தேசிய அளவில் முதலிடத்தில் இருந்தவர் அவர்.

மொத்த யார்டில் விஸ்கான்சின் வரிசை டெய்ன், டெய்லர், பால் (5,140), கார்டன் (4,915), ஆன்டனி டேவிஸ் (4,676). இதையே ஓர் ஓட்டத்துக்கு எத்தனை யார்டு என்று அடுக்கினேன். கார்டன் 7.8, டெய்லர் 6.7, டெய்ன் 5.8, பால் 5.6, டேவிஸ் 5.1. நான்காம் இடத்தில் இருந்த கார்டன் உச்சிக்குப் போய்விட்டார். ஆனால் டெய்ன் 1,220 முறை இடிபட்டு ஓடியவர், கார்டன் 631 முறை மட்டும். சராசரியை வைத்து யார் பெரியவர் என்று தீர்ப்பு சொல்ல எனக்கு மனசில்லை. இரண்டு நெடுவரிசையையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

பழைய காலத்துக்குப் போனால் ஆலன் அமீச்சி. 1954 ஹைஸ்மன் வெற்றியாளர், 'குதிரை' என்பது பட்டப்பெயர். அவருடைய 3,212 அந்நாளில் தேசிய சாதனை. 1953 ரோஸ் பௌலில் எடுத்த 133ஐச் சேர்த்தால் 3,345. இரண்டு பக்கமும், தாக்குதலிலும் தடுப்பிலும், ஆடிய மனிதர். அவரை டெய்லரோடு ஒரே வரிசையில் வைக்கவே கூச்சமாக இருந்தது. தனித் தாளில் போட்டுவிட்டேன்.

எறிதல் கணக்கை வேகமாக முடித்தேன், அங்கே விஸ்கான்சினுக்குப் பெருமை பேச அதிகம் இல்லை. மொத்த யார்டில் முதலிடம் 1990களில் ஆடிய டாரல் பெவல், 7,686. ஜோயல் ஸ்டேவ் 7,635இல் நின்றுவிட்டார். ரசல் வில்சன் வட கரோலினா ஸ்டேட்டிலிருந்து வந்து, 2011இல் ஒரே ஒரு சீசன் ஆடி, 33 டச் டவுன் எறிந்து, நான்கு முறை மட்டும் பந்தை எதிரணியிடம் கொடுத்து, ஒற்றைச் சீசன் பக்கத்தைத் தன் பெயரில் எழுதிவிட்டுப் போனார். பந்தை எறிபவர்களான குவார்ட்டர்பேக்குகளின் ஓட்டக் கணக்கை நான் தொடவில்லை. கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை எறியவிடாமல் பின்னால் சாய்த்தால் இழந்த தூரம் அவருடைய ஓட்டத்திலிருந்து கழிக்கப்படும். தொழில்முறை லீக்கில் அப்படிக் கழிப்பதில்லை. அதைப் பிரிக்க ஆட்டவாரியாகப் போக வேண்டும்.

இப்போது கையில் இருப்பது தடுப்பாட்டத் தாள். எதிரணி எறிந்த பந்தை நடுவில் பிடிக்கும் இடைமறிப்பில் ஜமார் ஃப்ளெட்சரும் ஜிம் லெனார்டும் ஆளுக்கு 21. சாக் கணக்குதான் படுத்துகிறது, அதாவது குவார்ட்டர்பேக்கை எறியவிடாமல் சாய்த்த கணக்கு. டாம் பர்க் 1998இல் 22 சாக் எடுத்தார் என்று கல்லூரிப் புத்தகம் சொல்கிறது. என்சிஏஏ சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 2000இல்தான். பௌல் விவகாரத்திலாவது எண்கள் இரண்டு இடத்திலும் இருந்தன, எதைச் சேர்ப்பது என்பது மட்டும்தான் கேள்வி. இங்கே ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. பர்க்கின் வரியை மஞ்சளில் அடையாளம் போட்டுவிட்டு, 2000க்குப் பின்னால் வந்தவர்களை முதலில் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.